பழி ஓரிடம், கணக்கு வேறிடம்

மோட்டார் வாகனங்களின் வரலாற்றைப் பேசுவோர் பலர் திரும்பத் திரும்பக் கூறிவரும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் 1960-களில் ‘மஸில் கார்’ எனும் ஒருவகை வாகனம் தோன்றி, இளைஞர் உள்ளங்களைக் கொள்ளை கொண்டு, சாலைகளை ஆண்டுவந்தது. 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்குவதை நிறுத்தின. அத்துடன் அவ்வகை வாகனமும் மாண்டது என்பதே அச்செய்தி. சுருக்கமாகவும் எளிதில் நம்பத்தக்கதாகவும் இருப்பதால், அது ஏட்டிலிருந்து ஏட்டுக்கும் வாயிலிருந்து வாய்க்கும் தாவி, ஐயத்துக்கு இடமில்லாத உண்மைபோல் உலவி வருகிறது.

‘பழி ஓரிடம் பாவம் ஓரிடம்’ என்பது நம்மவர் வழக்கு. பிறர்மீது பழி கூறப்படும்போது சினங்கொள்வது எளிது. கணக்கைப் புரட்டிப் பார்ப்பது கடினம். ஆயினும் உண்மையை அறிய விரும்புவோர்க்கு இரண்டாவது வழியே உகந்தது. நல்வாய்ப்பாக, இவ்விஷயத்தில் கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் கார் ஆலைகள் தாம் செய்த வண்டிகளை ஆண்டுவாரியாக எண்ணி வைத்துள்ளன. அரைநூற்றாண்டு கடந்தும் அவ்வெண்கள் அழியவில்லை. அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஸில் கார் என்பது யாது?

‘மஸில்’ என்றால் தசை. தசைவலிமை மிக்க கார் என்று தமிழில் சொல்லலாம். நடுத்தர அளவுள்ள, குடும்பங்கள் வாங்கக்கூடிய சாதாரணக் காரின் உடலில், மிகப் பெரிய கார்களுக்கென உருவாக்கிய எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தி, எளிய விலைக்கு விற்றதே இவ்வகையின் சூத்திரம். பந்தயக் காரின் வேகம், ஊதியம் வாங்கத் தொடங்கிய இளைஞன் ஒருவனின் கைக்கு எட்டியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பிறந்த பெருந்தொகையான குழந்தைகள் 1964-ஆம் ஆண்டளவில் பதினெட்டு வயதை எட்டத் தொடங்கினர் என்பதையும் சேர்த்து நோக்கினால், இவ்வாகனத்துக்கு வாங்குவோர் எங்கிருந்து வந்தனர் என்பது விளங்கும்.

இவ்வகையின் முதல்வன் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது 1964-ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. அதன் பிறப்பே ஒரு விதியை மீறியதால் நிகழ்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைமை 1963 ஜனவரியில் தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடுவதைத் தடை செய்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினைப் பொருத்தலாகாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராயிருந்த ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் அவ்விதியில் ஓர் இடைவெளியைக் கண்டனர். ஒரு புதிய கார் வகைக்குத்தான் தலைமையின் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே உள்ள காருக்குக் கூடுதல் விலையில் தரும் ‘விருப்பச் சேர்க்கை’க்கு அது வேண்டியதில்லை. ஆகவே ‘டெம்பெஸ்ட் லீமான்ஸ்’ எனும் காருக்கு, ஏறத்தாழ 296 டாலர் கூடுதல் விலையில், 389 கன அங்குல என்ஜினை உள்ளடக்கிய ஒரு சேர்க்கையாக ஜி.டி.ஓ. வெளிவந்தது.

பெயரும் இரவல் வாங்கியதே. இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962-இல் 250 ஜி.டி.ஓ. எனும் பந்தயக் காரை வெளியிட்டிருந்தது. பந்தய விதிகளின்படி ஒப்புதல் பெற்ற நெடும்பயணக் கார் என்பது அவ்வெழுத்துகளின் பொருள். ஃபெராரி செய்தவை 36 மட்டுமே. போன்டியாக் எத்தனை செய்தது? அங்கேதான் நம் கணக்கு தொடங்குகிறது.

ஐயாயிரம் எனக் கணித்தது முப்பத்திரண்டாயிரம் ஆனது

போன்டியாக்கின் விற்பனைத் தலைமைக்கு இக்காரில் நம்பிக்கை இல்லை. ஐயாயிரம் வண்டிகள் விற்றாலே பெரிது என்று கருதி, அந்த எல்லைக்குள்ளேயே முதல் அனுமதி வழங்கப்பட்டது. ஆண்டு முடிவில் கணக்கு 32,450 என நின்றது. மதிப்பிட்டதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல்! அடுத்த ஆண்டு, 1965-இல், அது 75,352 ஆயிற்று. 1966-இல் 96,946. அதுவே ஜி.டி.ஓ.வின் உச்சம்.

இவ்வெற்றியைக் கண்ட ஏனைய நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. கிரைஸ்லரின் பிளிமத் பிரிவு, அலங்காரங்களைக் குறைத்து 3,000 டாலருக்கும் குறைந்த விலையில் 1968-இல் ‘ரோடு ரன்னர்’ எனும் காரை வெளியிட்டது. முதலாண்டில் 44,599 வண்டிகள். மறு ஆண்டில் 80,000-க்கு மேல். செவ்ரலே பிரிவின் ‘செவெல் எஸ்.எஸ். 396’ 1969-ஆம் ஆண்டில் மட்டும் 86,307 என்ற எண்ணிக்கையை எட்டியது.

மஸில் கார் என்றாலே கிடைத்தற்கு அரிய பொருள் என்று இன்று எண்ணுகிறோம். அதன் பொற்காலத்தில் அது அரிதாக இருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் தெருக்களில் ஓடிய வண்டி அது. இதை நினைவில் இருத்திக்கொண்டு, சரிவின் கணக்குக்கு வருவோம்.

சரிவின் படிகள்

ஜி.டி.ஓ.வின் எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1966-இல் 96,946. 1967-இல் 81,722. 1968-இல் சற்றே நிமிர்ந்து 87,684. 1969-இல் 72,287. 1970-இல் 40,149. 1971-இல் 10,532. 1972-இல் 5,807.

இவ்வரிசையில் எண்ணெய்த் தடை எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. தடை வந்தது 1973 அக்டோபரில். 1972-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களின் தயாரிப்பு முடிவதற்குள்ளேயே, உச்சத்தில் இருந்த எண்ணிக்கை பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அரபு நாடுகளின் எண்ணெய் தடையின்றி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலத்தில் நிகழ்ந்த வீழ்ச்சி இது.

ஒரு சாட்சி போதுமா என வாசகர் வினவலாம். இன்னும் இருவரை அழைப்போம். 1969-இல் 80,000-ஐத் தாண்டிய ரோடு ரன்னர், 1970-இல் ஏறத்தாழப் பாதியாகி, 1971-இல் 14,218 ஆகவும், 1972-இல் 7,628 ஆகவும் தேய்ந்தது. 86,307-ஆக இருந்த செவெல் எஸ்.எஸ்., 1971-இல் 19,293-ஆக இறங்கியது. அதிலும் அவ்வாண்டில் சிறிய என்ஜின் கொண்டவையும் அதே பெயரில் சேர்த்து எண்ணப்பட்டன. மூன்று வெவ்வேறு பிரிவுகள். இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள். மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன.

அப்படியானால் காரணம் யாது? ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, காப்பீட்டுக் கட்டணம். பெருவலி என்ஜினும் இளம் ஓட்டுநரும் சேர்ந்தால் விபத்து மிகும் என்பதைக் காப்பீட்டு நிறுவனங்கள் தம் கணக்குப் புத்தகங்களில் கண்டுகொண்டன. 1960-களின் இறுதியில் இத்தகைய கார்களுக்கு, குறிப்பாக இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு, கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தின. காரை வாங்கப் பணம் இருந்தும், காப்பீடு செய்ய வழியின்றி இளைஞர் பலர் பின்வாங்கினர். எளிய விலை என்பதே இவ்வகைக் காரின் உயிர்நாடி. அந்த நாடியைப் பிடித்து நிறுத்தியது காப்பீடு.

இரண்டாவது, காற்றின் தூய்மை. அமெரிக்கக் காங்கிரஸ் 1970-இல் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வாகனப் புகையில் உள்ள நச்சுப் பொருள்களை 90 விழுக்காடு குறைக்கவேண்டும் என அது ஆணையிட்டது. புகையைத் தூய்மைப்படுத்தும் கருவிக்கு ஈயம் கலந்த பெட்ரோல் பகை. ஆகவே ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடும்படி தன் 1971-ஆம் ஆண்டு என்ஜின்கள் அனைத்தும் அமைய வேண்டும் என ஜெனரல் மோட்டார்ஸ் முடிவு செய்தது. அதற்காக என்ஜினின் அமுக்க விகிதம் குறைக்கப்பட்டது. 10-க்கு மேல் இருந்த ஜி.டி.ஓ. என்ஜினின் விகிதம் ஏறத்தாழ 8-க்கு இறங்கியது. விகிதம் இறங்கவே வலிமையும் இறங்கிற்று.

மூன்றாவது, அளவுகோல் மாறியது. அதுவரை என்ஜினைத் தனியே மேடையில் நிறுத்தி, விசிறி, புகைக்குழாய் முதலிய சுமைகள் இன்றி அளந்த குதிரைத்திறனையே விளம்பரம் செய்து வந்தனர். 1972 முதல், காரில் பொருத்திய நிலையில் உள்ளபடியே கிடைக்கும் திறனை வெளியிடுவது பொதுவழக்காயிற்று. 1971-ஆம் ஆண்டின் கார்வெட் காரில் இருந்த 454 கன அங்குல என்ஜின் ஒன்றுக்குப் பழைய முறையில் 365 குதிரைத்திறன். புதிய முறையில் 285. ஒரே என்ஜின், ஒரே ஆண்டு, இரண்டு எண்கள். வலிமையைப் பேசியே விற்ற வண்டிக்கு, பேச்சின் பெரும்பகுதி காற்றாயிருந்தது என்று வெளிப்பட்டது பேரிடி.

இம்மூன்றும் அமெரிக்க மண்ணில், அமெரிக்கர்களின் கைகளால், அமெரிக்கர்களின் நலன் கருதியே நிகழ்ந்தவை. விபத்துகள் குறையவேண்டும், காற்று தூய்மையாக வேண்டும், விளம்பரம் நேர்மையாக வேண்டும் என்பவை குற்றமுமல்ல. ஒரு சமூகம் தன் உடல்நலத்தைக் கருதித் தன் ஆசையொன்றைத் துறந்தது. பிற்காலத்தவர் அத்துறவை மறந்து, வெளியார் பறித்ததாகக் கதை சொல்லத் தொடங்கினர்.

அரியவை ஏன் அரியவையாயின?

இன்று ஏலக் கூடங்களில் மலைக்கவைக்கும் விலைக்குப் போகும் மஸில் கார்கள், மேலே சொன்ன ஆயிரக்கணக்கான வண்டிகளல்ல. நூற்றுக்கணக்கிலும், சில வேளைகளில் பத்துக்கணக்கிலும் மட்டுமே செய்யப்பட்டவை அவை. அவற்றின் எண்ணிக்கை ஏன் அவ்வளவு குறைந்தது எனக் கேட்டால், அங்கும் எண்ணெய் குறுக்கிடவில்லை.

‘கமாரோ இசட்.எல்.1’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். முழுதும் அலுமினியத்தால் ஆன 427 கன அங்குல என்ஜின் அதற்கு. இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் எனும் சிற்றூரில் செவ்ரலே முகவராயிருந்த ஃபிரெட் கிப் என்பவர், குறும்பந்தயங்களில் கலந்துகொள்ள ஐம்பது வண்டிகள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற விதிக்காக, அந்த ஐம்பதையும் தாமே வரவழைத்தார். வண்டிகள் வந்தபோதுதான் விலையும் வந்தது. என்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர்; சாதாரணக் கமாரோ ஒன்றின் விலையைவிட அதிகம். ஒரு வண்டிக்கு 7,000 டாலருக்கு மேல் யார் தருவார்? பெரும்பகுதியை அவர் ஆலைக்கே திருப்பி அனுப்ப நேர்ந்தது. அவை வேறு முகவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. மொத்தம் 69 வண்டிகளோடு 1969-இலேயே அக்கதை முடிந்தது. அவ்வாண்டில் செய்யப்பட்ட கமாரோக்கள் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் என்பதையும் அருகில் வைத்து நோக்குக.

அடுத்து, இறக்கை முளைத்த கார்கள். நாஸ்கார் எனும் பந்தய அமைப்பின் ஓட்டங்களில் கலந்துகொள்ள, அதே வடிவக் கார் பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்யப்பட வேண்டும். 1969-இல் அவ்வெண்ணிக்கை 500. டாட்ஜ் நிறுவனம் கூரிய மூக்கும், பின்புறத்தில் உயர்ந்து நிற்கும் இறக்கையும் கொண்ட ‘சார்ஜர் டேடோனா’வை 503 செய்தது. விதி கேட்டதைவிட மூன்று வண்டிகள் அதிகம், அவ்வளவே. 1970 மார்ச்சில் அத்தகைய கார் ஒன்றை ஓட்டிய படி பேக்கர், மூடிய பந்தயத் தடத்தில் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டினார்.

1970-இல் விதி கடுமையாயிற்று. முகவர் இருவருக்கு ஒரு வண்டி என்ற கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. பிளிமத் ஏறத்தாழ 1,920 ‘சூப்பர்பேர்ட்’ கார்களைச் செய்தது. முகவர்களுக்குக் கணக்காக வந்து சேர்ந்தன, வாங்குவோர் வரவில்லை. அதன் விசித்திரத் தோற்றம் கண்டு மக்கள் ஒதுங்கினர். விற்காமல் கிடந்த சிலவற்றின் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரண ரோடு ரன்னராக்கி விற்றனர் என்பது பதிவான செய்தி. இன்று அந்த இறக்கைக்கே பெருவிலை! அடுத்த ஆண்டு, இத்தகைய கார்கள் 305 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினோடு ஓடலாகாது என்று நாஸ்கார் விதித்துவிட, இறக்கைக் கார்களின் காலம் முடிந்தது.

ஃபோர்டு நிறுவனத்தின் ‘பாஸ் 429’ மஸ்டாங்கும் இதே வகை. பந்தயத்துக்கான ஒரு பேரெஞ்சினை ஐந்நூறு கார்களிலாவது பொருத்தி விற்றாக வேண்டும் என்பதற்காக, மஸ்டாங்கின் முன்பகுதியை வெட்டி அகலப்படுத்திச் செய்யப்பட்ட வண்டி அது. 1969, 1970 ஆகிய இரண்டு மாதிரி ஆண்டுகளிலும் சேர்த்து 1,350-க்குச் சற்று மேல்.

எல்லாவற்றுக்கும் சிகரம் கிரைஸ்லரின் ‘ஹெமி’ என்ஜின். எரிப்பு அறை அரைக்கோள வடிவில் அமைந்ததால் அப்பெயர். ‘பிளிமத் பாரகூடா’வில் இவ்வென்ஜினைப் பெற 870 டாலருக்கு மேல் கூடுதலாகத் தர வேண்டும். கூரையை மடிக்கக்கூடிய பாரகூடாவில் ஹெமி என்ஜின் பொருத்தப்பட்டவை 1970-இல் 14, 1971-இல் 11. அந்தப் பதினொன்றில் ஒன்று 2014 ஜூனில் சியாட்டில் நகர ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. 1971-இல் அமெரிக்காவும் அதன் அண்டை நாடுகளும் ஏனைய சந்தைகளும் சேர்ந்து வாங்க முன்வந்தது பதினொரு பேர் மட்டுமே என்பதுதான் அவ்விலையின் மறுபக்கம். அன்று வேண்டாம் என்று விட்டவர்களின் எண்ணிக்கையே இன்றைய விலையை நிர்ணயிக்கிறது.

இப்போது இக்கார்களின் இறுதி ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். இசட்.எல்.1 கமாரோ, 1969. சார்ஜர் டேடோனா, 1969. சூப்பர்பேர்ட், 1970. பாஸ் 429, 1970. 450 குதிரைத்திறன் எனப் பறைசாற்றப்பட்ட எல்.எஸ்.6 செவெல், 1970. ஜி.டி.ஓ.வின் ‘ஜட்ஜ்’ எனும் சிறப்பு வகை, 1971. முதலாண்டில் 6,833 ஆக இருந்த அது, இறுதியாண்டில் 374. ஹெமி, 1971. எண்ணெய்த் தடை வந்தபோது இவற்றுள் ஒன்றுகூட உயிரோடில்லை. கொலை நடந்த இரண்டாண்டுகளுக்குப் பின் ஊருக்குள் வந்தவன் மீது குற்றம் சாட்டுவது எந்த நீதிமன்றத்தில் செல்லும்?

தடைக்குப் பின் நிகழ்ந்தது

எகிப்து, சிரியா ஆகிய நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் 1973 அக்டோபரில் போர் மூண்டது. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் அளித்தது. அதனைக் கண்டித்து அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் வழங்க மறுத்தன. 1974 மார்ச்சில் தடை நீங்கியது. அதற்குள், பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெயின் விலை 12 டாலரை நெருங்கிவிட்டது. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. இவை யாவும் உண்மை.

ஆனால் அவ்வாண்டுகளின் கார்க் கணக்கு வியப்பளிக்கிறது. 1973-இல் 4,806-ஆக இருந்த ஜி.டி.ஓ., 1974-ஆம் ஆண்டு மாதிரியில் 7,058 ஆக ஏறியது. அது சிறிய உடலும் சிறிய என்ஜினும் கொண்ட வேறொரு காராக மாறியிருந்தது என்பது மெய்யே. அத்துடன் அப்பெயரும் அக்காலத்துக்கு முடிந்தது. அதே போன்டியாக்கின் ‘ட்ரான்ஸ் ஆம்’ எனும் காரின் வரலாறு இன்னும் தெளிவானது. தடைக்கு முன், 1972-இல், 1,286. ஆலையில் அவ்வாண்டு நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தமும் அதற்கொரு காரணம். 1973-இல் 4,802. தடை நிலவிய 1974-ஆம் ஆண்டு மாதிரியில் 10,255. 1976-இல் 46,701. 1978-இல் 93,341. 1979-இல் 1,17,000-க்கு மேல்! ஜி.டி.ஓ. தன் உச்ச ஆண்டிலும் காணாத எண்ணிக்கை இது.

நடுநிலை தவறாமல் ஒன்றைக் கூறியாக வேண்டும். 1979-இன் ட்ரான்ஸ் ஆம், 1969-இன் கார்களைப்போல் வலிமையுடையதல்ல. தோற்றத்தில் சிங்கம், என்ஜினில் அடக்கமானது. போட்டியாக இருந்த பாரகூடா போன்றவை 1974-இல் நின்றுபோனதும், 1977-இல் வெளிவந்த ஒரு திரைப்படம் இக்காரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றதும் அதன் விற்பனைக்கு உதவின. ஆயினும், எண்ணெய்த் தடையால் அமெரிக்கர் வேகக் காரின் ஆசையையே விட்டொழித்தனர் என்ற கூற்று இவ்வெண்களின் முன் நிற்காது.

எண்ணெய்த் தடையின் உண்மையான பங்கு வேறு. 1974 ஜனவரியில் நாடெங்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லை சட்டமாயிற்று. 1975-இல், கார்கள் ஒரு காலன் பெட்ரோலுக்கு இத்தனை மைல் ஓடவேண்டும் என வரையறுக்கும் சட்டம் வந்தது. பழைய பெருவலி என்ஜின்கள் திரும்பி வரக்கூடிய வழியை இவை அடைத்தன. மாண்டவரைக் கொன்றதற்கும், அடக்கம் செய்தபின் வாசலைப் பூட்டியதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டாவது குறைந்த பங்கன்று. ஆனால் முதலாவதாக அதனைக் கூறுவது பிழை.

சாட்சியையும் சோதிக்க வேண்டும்

எண்களை நம்பி வழக்குரைத்தோம். எண்கள் பொய் சொல்லாவோ என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும். எண் தானாகப் பொய் சொல்வதில்லை. எதை எண்ணியது என்று கேளாதவனை அது ஏமாற்றிவிடும்.

முதற்கண், ‘ஆண்டு’ என்பது ஜனவரியில் தொடங்குவதன்று. அமெரிக்க வழக்கில் ஒரு மாதிரி ஆண்டின் கார்கள் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வரும். 1974-ஆம் ஆண்டு மாதிரிகள் 1973 செப்டம்பரிலேயே கடைகளில் இருந்தன. அவற்றின் வடிவையும் என்ஜினையும் பற்றிய முடிவுகள் அதற்கும் முன்பே எடுக்கப்பட்டவை. இதை அறியாதவர், தடையின் விளைவென்று அம்மாற்றங்களைக் கருதிவிடுவர்.

இரண்டாவது, எண்ணப்பட்டது காரா, என்ஜினா? 1970-ஆம் ஆண்டின் எல்.எஸ்.6 என்ஜின் 4,475 என்பது எங்கும் சொல்லப்படும் எண். செவெல் கார்களோடு, அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘எல் கமினோ’ எனும் சிறுசரக்கு வண்டிகளும் அதனுள் அடங்கும். கூரை மடிக்கும் வகை அதில் எத்தனை என்பதை அந்த எண் பிரித்துச் சொல்வதில்லை. ‘உலகில் இத்தனையில் ஒன்று’ என்று விற்பவர் கூறும்போது, அக்கணக்கு எந்த ஏட்டிலிருந்து வந்தது எனக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

மூன்றாவது, வண்டியே தன்னைப்பற்றிச் சாட்சி கூறுமா? கிரைஸ்லர் கார்களில் அடையாள எண்ணின் ஐந்தாம் எழுத்து என்ஜினைக் குறிக்கும். ஆகவே ஹெமி என்ஜினோடு பிறந்த காரை அவ்வெண்ணே காட்டிக்கொடுக்கும். செவ்ரலே கார்களில் 1972-க்கு முன் அவ்வசதி இல்லை. 1970-ஆம் ஆண்டு செவெலின் எண்ணைப் படித்து, அது எஸ்.எஸ். வகையா, சாதாரண வகையா என்றுகூட அறிய முடியாது. ஜி.டி.ஓ.வின் முதலிரண்டு ஆண்டுகளும் அப்படியே. தனி வகையாகப் பிறவாமல் விருப்பச் சேர்க்கையாகப் பிறந்ததால், 1964, 1965 வண்டிகளின் எண்ணில் லீமான்ஸ் என்ற அடையாளமே உண்டு. அன்று தலைமையின் கண்ணை மறைத்த தந்திரம், பிற்காலத்தில் போலி செய்வோருக்கும் வாய்ப்பாயிற்று. ஒரு லீமான்ஸை வாங்கி, பெரிய என்ஜினையும் பெயர்ப்பட்டயத்தையும் பொருத்தினால், கண்ணுக்கு ஜி.டி.ஓ.தான்.

இங்கேதான் பதிவேட்டைப் பாதுகாத்தோரின் அருமை தெரிகிறது. போன்டியாக் பிரிவின் பதிவுகள் அழியாமல் காக்கப்பட்டன; ஒரு வண்டியின் எண்ணைக் கொடுத்தால், அது ஆலையிலிருந்து எந்தெந்தச் சேர்க்கைகளோடு வெளியேறிற்று என்பதற்கான நகலைப் பெறலாம். 1967-ஆம் ஆண்டு முதலான ஃபோர்டு கார்களுக்கும் அத்தகைய பதிவு உண்டு. செவ்ரலே கார்களுக்கு அமெரிக்காவில் அவ்வாறு வண்டிவாரியான ஏடு இல்லை. கனடாவில் விற்கப்பட்டவற்றுக்கு மட்டும் இருக்கிறது. கிரைஸ்லரில் 1960-களின் பிற்பகுதிக்குப் பின்னான ஏடுகள் முழுமையாக மிஞ்சவில்லை. ஆகவே, கார் கட்டப்பட்டபோது தொழிலாளருக்கு வழிகாட்ட அச்சிட்டு, பின்னர் இருக்கைக் கம்பிகளிடையே செருகப்பட்ட தாளைத் தேடி, இன்றும் பழைய இருக்கைகளைப் பிரித்துப் பார்க்கின்றனர். குப்பையென எறிய வேண்டிய தாளொன்று, லட்சக்கணக்கான டாலர் பெறும் வழக்கின் தீர்ப்பாகிவிடுகிறது.

இக்காரணத்தால்தான் சில எண்களில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சூப்பர்பேர்ட் 1,920 என்பார் ஒருவர், 1,935 என்பார் மற்றொருவர். 1971-இன் ஹெமி பாரகூடா 11 என்பார் பலர், 12 என்பாரும் உளர். இவ்வேறுபாடுகள் சிறியவை, நாம் எடுத்துக்கொண்ட வழக்கை அவை அசைக்கமாட்டா. 96,946 என்பது 5,807-ஆகக் குறைந்த வீழ்ச்சியை, எண்ணுவதில் நேரும் எந்தப் பிழையும் உண்டாக்கிவிட முடியாது.

முடிவுரை

பிளிமத் எனும் பெயர் 2001-இல் மறைந்தது. போன்டியாக் 2010-இல் மூடப்பட்டது. கார் செய்த கைகளும், விற்ற கடைகளும், வாங்கிய இளைஞர்களும் காலவெள்ளத்தில் கரைந்துகொண்டிருக்கின்றனர். ஆலையின் எழுத்தர் ஒருவர் அன்றாடக் கடமையாக எழுதிவைத்த வரிகள் மட்டும் நிற்கின்றன. தாம் ஒரு நாள் சாட்சியாவோம் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். வரலாற்றில் மிக உறுதியான சாட்சி பெரும்பாலும் அத்தகையதே. எவருக்கும் சார்பாகவோ எதிராகவோ எழுதப்படாதது.

அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தது வரலாற்று நிகழ்ச்சி. அதன் நன்மை தீமைகளை ஆராய்வோர் ஆராயட்டும். ஆனால் அமெரிக்க மஸில் காரின் மரணத்தை அதன் கணக்கில் எழுதுவதற்கு ஏடு இடந்தரவில்லை. நோயாளி 1970-இலேயே படுத்துவிட்டான், 1972-இல் மூச்சடங்கிவிட்டது. நம் இல்லங்களில் இளையோர் இக்கதையை எங்கேனும் கேட்டு வந்து சொன்னால், மறுத்துப் பேசுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, 1964 முதல் 1974 வரை ஆண்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஜி.டி.ஓ.வின் எண்ணிக்கையைக் குறிக்கச் சொல்லுங்கள். பின்னர் 1973 அக்டோபர் எங்கே வருகிறது என்று அவர்களையே ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள். அக்கோட்டுக்கு மேலே நிகழ்ந்ததையும் கீழே நிகழ்ந்ததையும் அவர்கள் தாமாகவே படித்துக்கொள்வர்.